விசிலுக்குக் கிளம்பும் வீடு

எங்கள் வீடு இரண்டு விசிலுக்குக் கிளம்பும். ஒரு விசிலுக்கு நிற்கும். விசில் அப்பாவின் கழுத்தில் இருக்கிறது.

அப்பா பொன்னுரங்கம் முப்பத்தொரு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். இப்போது அவருக்கு மறதி நோய். என் பெயர் மறந்துவிட்டது. வழித்தடம் ஒன்றுகூட மறக்கவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

வீட்டை அவருக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். வழுக்கும் மிதியடிகளை எடுத்துவிட்டேன். நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். அதற்குள் ஒருவர் மூன்று மாதமாக டிக்கெட் எடுக்காமல் நின்றுகொண்டு அப்பாவை முறைத்தார். கதவில் 'குளியலறை' என்று எழுதி ஒட்டினேன். அப்பா அதைச் சட்டை செய்யவில்லை. '14 பி குளியலறை, வழி: சமையலறை' என்று பலகை மாட்டினேன். போய்விட்டுச் சரியான நேரத்துக்குத் திரும்பினார்.

கூடம் தானாகவே நீண்டு ஐம்பத்திரண்டு இருக்கைகளுக்கு இடம் கொடுத்தது. எதிர்வீட்டுத் தெய்வநாயகம் பேருந்து நிறுத்தமாகிவிட்டார். நிழற்குடை மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை வீட்டுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து லூர்துமேரி மேடம் வந்தார். அவர் சான்றிதழ் தந்தால் அப்பா என்னோடு இருக்கலாம். தராவிட்டால் காப்பகத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

"கேஸ் அடுப்பு?"

"குமிழைக் கழட்டி வச்சிட்டேன் மேடம்."

"கத்தி?"

"பீரோவுல பூட்டியிருக்கு."

"நேத்து வீடு எங்க இருந்துச்சு?"

"மணப்பாறையில."

"வீடு வெளிய போகக் கூடாதும்மா."

"முன்னாடி அப்பா மட்டும் வெளிய போவாரு மேடம். ரெண்டு தடவ தொலஞ்சிட்டாரு. இப்ப வீட்டோட போறாரு. ஒரு தடவகூடத் தொலையல."

"தபாலெல்லாம்?"

"தபால்காரர் டைம்டேபிள் வாங்கி வச்சிருக்காரு."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அப்பாவின் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, உறையில் போட்டு, அரக்கு வைத்தார்.

பலகைகளில் எழுத்து அழிந்தது. அப்பா வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வாசலை நோக்கி நடந்தார்.

"எங்கப்பா போறீங்க?"

"வீட்டுக்குப் போகணும்."

"இதுதாம்ப்பா வீடு."

"இல்லம்மா. அது வேற."

பயந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். மரியாதையாக விடுவித்துக்கொண்டார்.

வாசற்படியில் நின்று லூர்துமேரி 'சான்றிதழ் மறுக்கப்' வரை எழுதியிருந்தார். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

"படியில நிக்காதீங்கம்மா. உள்ள வாங்க. உள்ள எவ்ளோ எடம் கெடக்கு."

"நான் ஆபீசர்."

"ஸ்டாஃபா? அப்ப முன்னாடி போய் உக்காருங்க."

அந்தக் குரலுக்கு யாரும் உள்ளே போய்விடுவார்கள். அவரும் போனார். அப்பா உள்ளங்கையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம் ரைட்."

வீடு கிளம்பியது. ஜன்னல் வழியே தெய்வநாயகம் பின்னால் போனார்.

"நான் இறங்கணும்," என்றார் லூர்துமேரி.

"ஓடுற வண்டியில யாரும் எறங்கக் கூடாது," என்றார் அப்பா.

லூர்துமேரி சற்று யோசித்தார். படிவத்தைப் புரட்டினார். 'நோயாளி வீட்டைவிட்டு வெளியேறும் வாய்ப்பு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'வழங்கப்படுகிறது' என்று கையெழுத்திட்டார். வீடு குலுங்கியதில் கையெழுத்து கோணலாக விழுந்தது. அரக்கை உடைத்து விசிலையும் கொடுத்தார்.

அப்பா ஒரு விசில் அடித்தார். லூர்துமேரி இறங்கினார். அப்பா இரண்டு விசில் அடித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்க எங்கம்மா எறங்கணும்?"

"வீட்டுக்கு."

"அது கடைசி ஸ்டாப்பு. நேரமாகும். நீங்க பாட்டுக்குத் தூங்குங்க. வந்ததும் நான் எழுப்பி விடுறேன்."

அவர் என்னை நீங்கள் என்றது வலித்தது. ஆனாலும் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கண்டிப்பாக எழுப்புவார். முப்பத்தொரு வருடத்தில் அவர் வண்டியில் தூங்கி யாரும் நிறுத்தத்தைத் தவறவிட்டதில்லை.