இரவல் நட்சத்திர மீன்கள்

எங்கள் குடாவில் அவ்வளவு உயிர்கள் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லியிருக்க வேண்டிய நாளில் பொய் சொல்லிவிட்டு, இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

கடல் வற்றினால் குடாவில் பதினைந்து இருபது பாறைக்குழிகள் தெரியும். கொஞ்சம் நத்தை, கொஞ்சம் சிப்பி, கல்லுக்கடியில் நண்டு, மற்றபடி பாசி. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைச் சீந்துவதில்லை. நல்ல சரக்கு வேண்டுமென்றால் முனையைத் தாண்டி அந்தப் பக்கக் குடாக்களுக்குப் போவோம். காலைக் கிழிக்கும் சுண்ணாம்புப் பாறையில் அரைமணி நேரம் ஏறி இறங்க வேண்டும். இந்தக் குடாவை என் அண்ணி செப்பாவுக்கு என்று விட்டுவிட்டோம். யாரும் எழுதிவைக்கவில்லை, அது அப்படித்தான். அண்ணன் இறந்த வருஷமே அவள் படகுத்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். அவள் வாசலிலிருந்து மணல் வழியாகவே குடாவுக்குள் போய்விடலாம். ஒரு வற்றம் தவறாமல் வாளியோடு போய், உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பொறுக்குவாள். பாதி வீட்டுக்கு, பாதி ரோட்டோரத்தில் விற்க. அந்தக் குடா இல்லையென்றால் அவளுக்குச் சோறு இல்லை.

மார்ச் மாதம் ஊர்த்தலைவர் ருஃபோ பெண்களையெல்லாம் கூடைப்பந்து மைதானத்துக்கு வரச்சொன்னார். கேப்டன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"செபு நகரத்துலருந்து இருபத்திரண்டு பேர் வர்றாங்க. படிச்சவங்க. வத்தத்துல குழிகுழியா நடந்து பாக்கணுமாம். புடிச்சுப்போச்சுன்னா மாசாமாசம் வருவாங்க. சுத்திக் காட்டுற பொம்பளைங்களுக்குச் சம்பளம் உண்டு."

"எந்தக் குடாவுக்குக் கேப்டன்?" என்று கேட்டேன்.

"முனையத் தாண்டி அவங்கள ஏத்த முடியுமா? ஒருத்தன் உருண்டு விழுந்தா என் கழுத்தத்தான் புடிப்பாங்க. செப்பா குடாதான்."

"அங்க என்ன இருக்கு? அண்ணியோட செருப்புதான் மிதக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அதுவும் ஒத்தச் செருப்புடி இஸ்கா" என்றாள் செப்பா. அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அண்ணிக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்னும் எத்தனை வருஷம் தண்ணீரில் உட்கார்ந்து நகர்வாள்? ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இது இன்னது, அது இன்னது என்று சொன்னால் போதும், சம்பளம் வரும் என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? பாசியையா?

எங்கள் ஊரில் புனிதர் திருவிழா வந்தால் வீடு கொள்ளாமல் விருந்தாளிகள் வருவார்கள். பக்கத்து வீட்டுத் தட்டு, எதிர்வீட்டு நாற்காலி, மாமியார் வீட்டு மேசைவிரிப்பு எல்லாம் இரவல் வாங்கிப் பரப்புவோம். பன்றியைக்கூடக் கடனுக்கு வாங்கிச் சுடுகிறவர்கள் உண்டு. வந்தவன் முன்னால் வெறும் மேசையைக் காட்டினால் ஊருக்கே அசிங்கம். சாப்பிட்டுப் போகிறவனிடம் எந்தத் தட்டு யாருடையது என்று யாரும் சொல்வதில்லை, அதைப் பொய் என்று யாரும் நினைப்பதும் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். யோசனை என்னுடையது. வேறு யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

மூன்று நாள் நாங்கள் நான்கு பெண்கள் முனையைத் தாண்டிப் போனோம். நீல நட்சத்திர மீன், கொம்பு வைத்த பழுப்பு நட்சத்திர மீன், கறுப்பும் வெள்ளையுமாகக் கடல் முள்ளெலிகள், கடல் அட்டைகள், புலிப்புள்ளிச் சோழிகள். உதட்டில் பச்சை மின்னும் பெரிய மட்டி ஒன்றைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிவந்தேன். இரண்டு நாள் தோளை அசைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் படகுத்துறைக்குக் கீழே மூங்கில் கூடைகளில் உயிரோடு வைத்திருந்தோம். சனிக்கிழமை தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் கொண்டுபோய்க் குழிகளில் அடுக்கினோம். நகர்ந்து போய்விடாமல் இருக்கச் சுற்றிலும் கற்களை வைத்தோம்.

செப்பா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இந்தக் கூத்து? என் குழிய எனக்கே அடையாளம் தெரியல."

"ஒரு நாளைக்குத்தான அண்ணி. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு வெச்சுக்க."

"கெழவிக்குப் பவுடர் பூசுற. மழ பேஞ்சா தெரியும்" என்றாள். ஆனாலும் கொம்பு நட்சத்திரத்தை வெளிச்சம் விழுகிற பக்கமாக அவள்தான் திருப்பி வைத்தாள்.

மதியம் ஒரு மணிக்கு வந்தார்கள். தொப்பி, ரப்பர் காலணி, கழுத்தில் தொங்கும் கேமரா. முதல் குழியிலேயே ஒருத்தி வீறிட்டாள். அப்புறம் ஆளாளுக்கு, "இங்க வா, இங்க வா!" என்று ஒரே கூப்பாடு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, மறைப்பானேன். செப்பா முக்காலியில் உட்கார்ந்து ராணிபோல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் தலைவி மிஸ் கொரின். முப்பது வயதுகூட இருக்காது. அவள் மட்டும் கத்தவில்லை. வெள்ளைக் குழாயில் செய்த ஒரு சட்டத்தைக் குழியில் வைத்து, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுதினாள். மூன்றாவது குழியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த நீல நட்சத்திரம் பெரும்பாலும் ஆழத்துலதான இருக்கும்? கரைக்கு இவ்வளவு கிட்ட, இத்தன ஒண்ணா நான் பாத்ததே இல்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். 'நாங்கதாம்மா கொண்டாந்து வெச்சோம், உங்களுக்காக' என்று சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். பக்கத்தில் கேப்டன் நின்றார். பின்னால் இருபது பேர் நின்றார்கள். இரவல் தட்டை யாராவது விருந்தாளியிடம் காட்டிக்கொடுப்பார்களா?

"எப்பவும் இப்படித்தான் மேடம்" என்றேன்.

அவள் ஃபோனை நீட்டினாள். "இன்னொரு தரம் சொல்றீங்களா, பதிவு பண்ணிக்கறேன்."

இன்னொரு தரம் சொன்னேன், சத்தமாக.

"இவங்க தினமும் இங்க பொறுக்குறாங்களா?" என்று செப்பாவைக் காட்டிக் கேட்டாள்.

"தினம் தினம்" என்றாள் செப்பா பெருமையாக. "முப்பது வருஷமா."

மிஸ் கொரினின் முகம் சுருங்கியது. வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வினிகரில் ஊறிய மீனும் மரவள்ளி அப்பமும் சாப்பிட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து விடைபெற்றுப் போனார்கள். மறுநாள் வற்றத்தில் போய்ப் பார்த்தால் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அதது இடத்துக்குக் கிளம்பிவிட்டன. நகர முடியாத மட்டி மட்டும் கிடந்தது. அதுவும் ஒரு வாரத்தில் வாயைப் பிளந்து செத்துப்போனது.

ஜூனில் நகராட்சியிலிருந்து முத்திரை குத்திய தாள் வந்தது. கேப்டன் மைதானத்தில் வாசித்தார். மிஸ் கொரின் எண்ணி எழுதிய கணக்குப்படி எங்கள் குடா அரிய செல்வமாம். அங்கே இருக்கும் உயிர்களைக் காப்பாற்றியே ஆகவேண்டுமாம். இனி அங்கே யாரும் சிப்பி, நத்தை, பாசி எதையும் எடுக்கக் கூடாது. மீறினால் அபராதம். சுற்றிக் காட்டுவதற்குப் படித்த பிள்ளைகள் மிஸ் கொரினின் கூட்டத்திலேயே இருக்கிறார்களாம். ஊரிலிருந்து ஒரே ஒரு காவலாள் போதும்.

செப்பா காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் கேப்டன் சட்டையைப் பிடிக்காத குறை. "உண்மையச் சொல்லிடலாம் கேப்டன். நாங்க கொண்டாந்து வெச்சோம்னு நானே வந்து சொல்றேன்."

"சொல்லு. உன் கொரல்லயே பதிவு இருக்கு, அதையும் போட்டுக் காட்டுவாங்க. அப்புறம் நம்ம ஊருக்கு ஏமாத்துக்கார ஊருன்னு பேரு. படகுத்துறைக்கு நிதி கேட்டிருக்கேன், அதுவும் போச்சு."

"அண்ணி எங்க போவா?"

"முனையத் தாண்டிப் போகட்டும்."

"எந்தக் காலால?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "காவலுக்கு ஆள் வேணும். நீ வர்றியா, இல்ல என் மச்சானப் போடவா? அவன் மொத நாளே செப்பாவுக்கு அபராதம் எழுதுவான்."

அவர் மச்சான் அப்படிப்பட்டவன்தான். அதனால் ஆரஞ்சு மேலங்கியையும் விசிலையும் நானே வாங்கிக்கொண்டேன். அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

"காவல் நான்தான் அண்ணி. கூட்டம் வராத நாள்ல நீ பாட்டுக்கு எறங்கு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். சம்பளத்துலயும் பாதி ஒனக்கு."

"உன் சம்பளம் உன் புள்ளைங்களுக்கு" என்றாள். "நீ திரும்பிக்கிட்டா போதும்."

ஆகஸ்ட் வரைக்கும் திரும்பிக்கொண்டேதான் இருந்தேன். அப்புறம் தொடர்ந்து பத்து நாள் புயல்மழை. படகு ஓடவில்லை, ரோட்டில் ஆள் இல்லை. பதினோராம் நாள் வானம் வெளுத்தது, நல்ல வற்றம். மிஸ் கொரினின் கூட்டமும் அன்றைக்குத்தான் வந்து இறங்கியது. அண்ணியிடம் சொல்லிவிட ஓடினேன். வீடு திறந்து கிடந்தது, அவள் அதற்குள் குடாவில் இறங்கியிருந்தாள்.

"அக்கா, அங்க யாரோ பொறுக்குறாங்க" என்றாள் மிஸ் கொரின். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். "இவ்வளவு சொல்லியும் இப்படி அள்ளினா குழியில என்ன மிஞ்சும்? போன தடவையும் நட்சத்திரமே காணோம். இப்பத்தான் காரணம் புரியுது."

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். ஃபோன்கள் மேலே எழுந்தன. கேப்டன் முழங்கையால் என்னை இடித்தார். அவர் மச்சான் பாறைமேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

விசிலை ஊதினேன்.

செப்பா திரும்பிப் பார்த்தாள். நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டாள். அவளைத்தான் தடுக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் போனேன்.

"அண்ணி, வாளியக் குடு."

"என்னடி?"

"எல்லாரும் பாக்குறாங்க. குடுத்துடு. அபராதம் எழுதச் சொல்வாங்க. ராத்திரி சோறு நான் கொண்டாறேன்."

என் முகத்தை, மேலங்கியை, எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு வாளியை நீட்டினாள். அடியில் ஒன்பது நத்தை, கட்டைவிரல் அளவு நண்டு ஒன்று. பத்து நாள் மழைக்குப் பிறகு அவ்வளவுதான் கிடைத்திருந்தது. எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப்பிடித்துக் குழியில் கவிழ்த்தேன்.

கரையில் கைதட்டினார்கள். உண்மையான சந்தோஷத்தோடுதான் தட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செப்பா பாறையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் நீட்டிய கையை விட்டுவிட்டு, இன்னொரு தரம் முயன்று தானாகவே எழுந்தாள்.

"உன் சோறு வேண்டாம். என் வீட்டுக்கும் வராத" என்றாள். "போ, வந்தவங்களப் போய்க் கவனி."

காலி வாளியை வாங்கிக்கொண்டு மணலில் ஏறிப் போனாள். நான் கரைக்குப் போனேன். மிஸ் கொரின் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.