சுவருக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

ரத்தப் பரிசோதனை நாள் நெருங்கினால், ஒரு வாரம் முன்பே காபியில் சர்க்கரையை நிறுத்திவிடுவது அவள் பழக்கம்.

"ஒரு வாரம் பத்தியம் இருந்து டாக்டர்கிட்ட நல்ல பேர் வாங்கிட்டு, வெளியில வந்ததும் நேரா பேக்கரிக்குள்ள பூந்துடுவே," என்றார் கணவர், தன் காபியை வேண்டுமென்றே சத்தமாகக் கலக்கிக்கொண்டு. "அவர் எழுதித் தர்ற மாத்திரை யாருக்கு? உனக்கா, இல்ல ஒரு வாரம் மட்டும் வந்துட்டுப் போற அந்த உத்தமிக்கா?"

"ஏங்க, காலங்கார்த்தால ஆரம்பிக்காதீங்க."

"நான் எங்க ஆரம்பிச்சேன்? வீடு துடைக்க ஆள் வர்றதுக்கு முன்னாடியே வீட்டைத் துடைச்சு வைக்கிறவகிட்ட நான் பேசி ஜெயிக்க முடியுமா?"

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. அன்று முகாமுக்குக் கம்பெனிக்காரர் வருகிறார்.

ராணுவ முகாமில் அவள் பராமரிப்புப் பொறியாளர். சீருடை இல்லாத உத்தியோகம். கட்டடங்களுக்குள் ஓடுகிற தண்ணீர், மின்சாரம், காற்று, கழிவு எல்லாம் அவள் தலையில். எல்லாம் ஓடும்போது அவள் 'மேடம்'. ஏதாவது நின்றுபோனால் 'அந்தம்மா'.

நின்றுபோனவற்றில் அவள் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றே ஒன்று: பயிற்சிப் பையன்கள் தங்கும் நாலு மாடிக் கட்டடத்தின் தீயணைப்புப் பம்ப். கொஞ்ச நாள் முன்பு மேல்மாடியில் யாரோ இஸ்திரிப் பெட்டியை மெத்தைமேல் மறந்துவிட்டுப் போக, மெத்தை பற்றிக்கொண்டது. பையன்கள் ஹோஸை இழுத்துக் குழாயைத் திறந்தார்கள். மூக்கு ஒழுகுகிற மாதிரி தண்ணீர் வந்தது. மோட்டார் உறுமியதென்னவோ உண்மை. ஆனால் பம்புக்குள் தண்ணீரைத் தள்ள வேண்டிய சக்கரம் அரித்து, பல் போன வாய் மாதிரி ஆகியிருந்தது. கடைசியில் குளியலறை வாளியும் குவளையும்தான் நெருப்பை அணைத்தன. அடுத்த தடவை மெத்தையோடு போகும் என்று என்ன நிச்சயம்?

புதுப் பம்ப் கேட்டு மேலிடத்துக்கு ஓயாமல் எழுதினாள். "நீங்க சொன்னா போதாது, வெளியாள் வந்து பார்த்துச் சொல்லணும்" என்று பதில் வந்தது. சரி, வெளியாளையே பிடிப்போம் என்று பொறியியல் கம்பெனிகளைக் கூப்பிட்டாள். மூன்று பேர் வந்தார்கள். முதல் இருவரும் தங்கள் பெருமையைப் படம் போட்டுக் காட்டினார்கள். மூன்றாமவர் கனத்த உடம்பும் மெல்லிய குரலுமாக வந்து உட்கார்ந்து, "எங்க வலிக்குது, சொல்லுங்க" என்றார். அவரையே அமர்த்தினாள். இவ்வளவு புத்திசாலித்தனமாக ஒரு காரியத்தைத் தான் செய்ததில் அவளுக்கே தன்மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதைக்கு ஆயுசு குறைவு.

ஏனென்றால் அதற்கப்புறம் அவள் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாள்: 'வியாழக்கிழமை கட்டட ஆய்வு. ஒத்துழைக்கவும்.'

ராணுவத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் எழுதுகிற வாசகமா அது? ஆய்வு என்று காதில் விழுந்தால் சிப்பாய்க்குக் கை தானாகப் பெயின்ட் டப்பாவைத் தேடும். இது தெரிந்தும் எழுதினாள். போதாததற்குப் புதன்கிழமை, ஸ்டோர் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜன்ட்டைத் தன் அறைக்கு வேறு கூப்பிட்டாள். எதையும் பளபளப்பாக்கிவிடுவதால் அவருக்கு முகாமில் 'வார்னிஷ்' என்று பேர்.

"சார்ஜன்ட், என் நாற்காலிக்கு மேல பாருங்க. அந்த சீலிங் பலகையில ஒழுகின கறை. இதை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க. நாளைக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

வார்னிஷ் கறையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "புரிஞ்சுபோச்சு மேடம்," என்றார். எவ்வளவு புரிந்துபோயிற்று என்பது அவளுக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை வாசலிலேயே பெயின்ட் வாசனை அடித்தது. கம்பெனிப் பொறியாளர் ஒரு பக்கம், கர்னல் ஒரு பக்கம், நடுவில் அவள். முதலில் கர்னலின் அறை. அந்த ஏசி உயிரோடு இருந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. இன்று காற்று சில்லென்று வந்தது.

"நல்லா இருக்கே," என்றார் கம்பெனிப் பொறியாளர்.

"எங்க மேடம் கைராசி," என்றார் கர்னல்.

அவளுக்குக் குளிரிலும் வியர்த்தது.

நாலு மாடிக் கட்டடத்துக்கு வந்தார்கள். பம்ப் அறையில் எல்லாம் செக்கச்செவேல் என்று மின்னியது. பொத்தானை அழுத்தினார்கள். மோட்டார் உறுமியது. வெளியே வந்து முற்றத்துக் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் பீறிட்டுக்கொண்டு மாடி உயரத்துக்கு எழும்பியது. அவளுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"அடேயப்பா, அருமையான அழுத்தம்!" என்று கம்பெனிப் பொறியாளர் குறித்துக்கொண்டார்.

அவள் நைசாகப் பின்வாங்கி வார்னிஷ் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார்ஜன்ட், இந்தப் பம்ப் எப்படி வேலை செய்யுது?"

"செய்யல மேடம்."

"பின்ன அது என்ன, ஆகாச கங்கையா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி நிக்குது. அதுலேருந்து லைன் குடுத்திருக்கு. அய்யோ, திரும்பிப் பார்க்காதீங்க மேடம்! பார்த்தா அவருக்குத் தெரிஞ்சுடும். மனசுக்குள்ள பார்த்துக்குங்க."

"உங்களை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா?"

"ஆய்வுன்னு எழுதினீங்க. சரி, வழக்கம்போல பெயின்ட்டோட விட்டுடலாம்னு இருந்தோம். உங்க சீலிங் பலகையை மாத்தச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் பசங்ககிட்ட சொன்னேன். டேய், மேடமே மறைக்கிறாங்கன்னா விஷயம் பெரிசுடா. அவங்க மானம் நம்ம கையிலன்னு. ராத்திரி பூரா ஒருத்தனும் தூங்கல மேடம்."

இந்த விசுவாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கர்னலுக்கு முன்னால் இந்த மனிதரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் 'பம்ப் நன்று' என்று அறிக்கை போய்விட்டால் புதுப் பம்ப் இந்த ஜென்மத்தில் கிடையாது. யோசித்தாள். வண்டித் தொட்டியில் எவ்வளவு நேரத்துக்குத் தண்ணீர் இருந்துவிடப் போகிறது? தானாக நிற்கட்டும். யாருக்கும் கெட்ட பேர் இல்லை. தன் மூளையை எண்ணி மறுபடி ஒருமுறை பெருமைப்பட்டுக்கொண்டாள்.

"சார், அவசரமில்லையே? இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாருங்களேன்."

"போதும் மேடம், நல்லாத்தான் வருது."

"இருக்கட்டும் சார். எனக்கு ஒரு திருப்தி."

தண்ணீர் ஓடியது. அவள் வானிலையைப் பற்றிப் பேசினாள். கம்பெனிப் பொறியாளரின் மூட்டுவலியை விசாரித்தாள். கர்னலின் மகள் கல்யாணம் வரை போய் வந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வார்னிஷ் காதருகே வந்தார். "கவலைப்படாதீங்க மேடம். பின்னாடி இன்னொரு டேங்கர் நிறுத்தியிருக்கேன். மூணாவது வந்துட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் பேசுங்க."

அப்போதுதான் மேலே கைதட்டல் கேட்டது. ஜன்னல்தோறும் பயிற்சிப் பையன்களின் தலைகள்.

"டேய், பம்ப் சரியாயிடுச்சுடா!"

"அப்பாடா, இனிமே வாளி தூக்க வேணாம்!"

"மேடம், சூப்பர் மேடம்!"

அத்தனை பேரும் அவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவளும் பாதி கை தூக்கிவிட்டாள். பிறகுதான் உறைத்தது. இதுவரை பம்ப் செத்தது பையன்களுக்குத் தெரியும். நெருப்பென்றால் வாளியைத் தூக்குவார்கள். இனி வாளியை விட்டுவிட்டு இந்தக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

தூக்கிய கையை இறக்கி, கர்னலின் எதிரே போய் நின்றாள்.

"சார், இது பொய்த் தண்ணி."

"என்னம்மா சொல்றீங்க?"

"பம்ப் செத்துப்போச்சு சார். மோட்டார் சும்மா சத்தம்தான் போடுது. தண்ணி சுவத்துக்கு அந்தப் பக்கத்துத் தீயணைப்பு வண்டியிலேருந்து வருது. சார்ஜன்ட் மேல தப்பில்ல. நான் என் ரூம் கறையை மறைச்சேன், அவர் என் மானத்தை மறைச்சார். இந்தக் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டதே குறை கண்டுபிடிக்கத்தான். அதுக்கும் வேஷம் போட்டேன் பாருங்க, என்னை மாதிரி ஒரு அறிவாளி நீங்க தேடினாலும் கிடைக்க மாட்டா."

கர்னல் விறுவிறுவென்று சுவரைச் சுற்றிப் போனார். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். அங்கே ஹோஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த சிப்பாய்கள் கர்னலைக் கண்டதும் பழக்கதோஷத்தில் விறைத்து சல்யூட் அடித்தார்கள். ஹோஸுக்கு சல்யூட் தெரியாது. அது துள்ளி எழுந்து கர்னலைத் தொப்பி முதல் பூட்ஸ் வரை குளிப்பாட்டியது.

நனைந்த கர்னல் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வார்னிஷ்."

"சார்!"

"என் ரூம் ஏசி?"

வார்னிஷ் பூட்ஸைப் பார்த்தார். "ஐஸ் கட்டி சார். சமையல்கூடத்துலேருந்து. பின்னாடி ஒரு ஃபேன்."

"நானும் காலையிலேருந்து என்னடா அதிசயம்னு பார்த்தேன்," என்றார் கர்னல். சிரிப்பதா கத்துவதா என்று அவர் முகம் முடிவு செய்ய நேரம் எடுத்துக்கொண்டது. நல்லவேளையாகச் சிரித்தது. "மேடம், அந்தச் சுற்றறிக்கையை வாபஸ் வாங்குங்க. குறை காட்டினவனுக்கு லீவுன்னு புதுசா ஒண்ணு போடுங்க."

கம்பெனிப் பொறியாளர் தான் குறித்ததை அடித்தார். "பம்ப் ரூமைத் திறங்க. பிரிச்சுப் பார்க்கணும். நான் அன்னைக்கே கேட்டேனே மேடம், எங்க வலிக்குதுன்னு."

"வலிக்கலன்னு சொல்லிப் பழகிடுச்சு சார்."

மறு ஆய்வு நடந்தது. லீவுக்கு ஆசைப்பட்டுச் சிப்பாய்கள் குறைகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார்கள். வார்னிஷ் ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு சிவப்பு நாடா கட்டி, எல்லா நாடாவும் ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அறிக்கையின் முதல் வரியே பம்ப்தான்: உடனே மாற்ற வேண்டும். மேலிடத்துக்கு இப்போது மறுக்க வாயில்லை. புதுப் பம்ப் வரும்வரை ஒரு தீயணைப்பு வண்டி அந்தச் சுவரோரமே நிற்க வேண்டும் என்று கர்னல் உத்தரவு போட்டார். இந்தத் தடவை சுவருக்கு இந்தப் பக்கம், பையன்கள் கண்ணில் படும்படி.

வீட்டில் கணவர் காபியோடு காத்திருந்தார்.

"நாளைக்கு ரத்தம் குடுக்கணும். சர்க்கரை போடவா, வேணாமா?"

"எப்பவும் போடுற அளவு போடுங்க."

"உடம்பு சரியில்லையா?"

"அதைத்தானே டாக்டர் பார்க்கணும்."

மறுநாள் அலுவலகத்தில் அவள் சார்ஜன்ட்டைக் கூப்பிட்டாள். "என் பழைய சீலிங் பலகையை எடுத்து மாட்டிடுங்க. அறிக்கையில என் ரூம் கூரை மட்டும் விட்டுப்போச்சு, கம்பெனிக்காரர் வந்து அது ஒழுகுறதையும் பார்க்கட்டும்."

வார்னிஷ் தலையைச் சொறிந்தார். "பழசை உடைச்சுப் போட்டுட்டோம் மேடம்."

"அய்யோ."

"பயப்படாதீங்க. டீ டிகாஷனைத் தெளிச்சு அச்சு அசல் அதே கறையைப் போட்டுத் தரேன். அவராலகூட வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது!"