ஹாலிஸ் எழுந்து போன இடம்

கிராப்பி மீனைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஏரியில் பிடித்ததை எங்கள் ஊரில் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, சட்டம். நாமே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கொடுக்க வேண்டும். என் குளிர்பெட்டியில் இரண்டு பொட்டலம் கிடந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணி லர்லீனிடம் சொன்னேன். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல முறைத்தாள்.

"நானே பிடிச்சுப் பொரிச்சுத் தரேன்னு புள்ளகிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்கேன் மேவிஸ். ஓசி மீனையா வைப்பேன்?"

"அவனுக்கு என்ன தெரியப் போவுது அண்ணி?"

"எனக்குத் தெரியுமே."

அவள் மகன் கர்ட்டிஸ் சனிக்கிழமை சிறையிலிருந்து வருகிறான். ஆறு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மரத்தில் மோதினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேரலுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகள். டேரலின் அப்பா ஹாலிஸ் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறார். அன்றைக்கு நின்ற பேச்சுவார்த்தைதான். தேவாலயத்தில் கூட அண்ணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விடுவாள்.

வந்ததும் என்னடா வேணும் என்று போனில் கேட்டிருக்கிறாள். கிராப்பி என்றானாம். அவளால் அவனுக்கு வேலை வாங்கித் தர முடியாது, டேரலுக்குப் போன காலைத் திருப்பித் தர முடியாது. ஒரு தட்டு மீன்தான் முடியும். அதையும் விட்டால் அவள் என்னதான் செய்வாள், பாவம்!

அண்ணன் இருந்தவரை படகு இருந்தது. தண்ணீருக்கடியில் மீன் நிற்பதைத் திரையில் காட்டும் கருவியும் இருந்தது. அவர் போனபின் இரண்டும் போயின. கரையில் நிற்பவர்களுக்கு வேறு வழி உண்டு. எங்கள் ஏரி அணை கட்டித் தேக்கியது; குளிர்காலத்தில் அணைக்காரர்கள் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். அப்போது ஏரியின் தரையில் இறங்கி நடக்கலாம். கிராப்பி மூழ்கிய கிளைகளுக்குள் ஒண்டிக்கொள்ளும் மீன். அதனால் ஜனவரியில் நானும் அண்ணியும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை இழுத்துப் போய், கல் கட்டி, சேற்றில் கிடத்திவிட்டு வந்தோம். தண்ணீர் ஏறியபின் இடம் தெரிய வேண்டுமே, அதற்கு அடையாளமும் பார்த்தோம். பட்டுப்போன ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றால், எதிர்க்கரையில் தெரிகிற மஞ்சள் வண்டிக்கு நேரே நம் மரங்கள். கச்சிதம் என்று சொன்னவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய் நின்றோம். வசந்தத்தில் டாக்வுட் மரங்கள் பூத்து, தண்ணீர் சூடேறி, மீன் கரையோரம் வருகிற சமயம். ஓக் மரம் முதுகில், மஞ்சள் வண்டி எதிரே. பொடிமீனைத் தூண்டில் முள்ளில் கோத்துப் போட்டோம், போட்டோம், போட்டுக்கொண்டே இருந்தோம். தக்கை அசையவில்லை.

பத்து மணிக்கு எதிர்க்கரையில் ஒரு ஆள் காப்பிக் கோப்பையோடு வந்தான். மஞ்சள் வண்டியில் ஏறினான். ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மேவிஸ், சக்கரம் வெச்ச வண்டியையாடி அடையாளம் வெச்ச?"

"ஜனவரி பூரா அங்கயேதான நின்னுச்சு!"

"நாளைக்கு ஒரு மாட்டைப் பார்த்து அடையாளம் வை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

பிறகு தேட ஆரம்பித்தோம். முள்ளைக் கழற்றிவிட்டு வெறும் ஈயக் குண்டைக் கட்டி எறிந்து மெதுவாக இழுத்துப் பார்த்தோம். சேறு என்றால் வழுக்கிக்கொண்டு வரும், மரம் என்றால் கையில் டக்கென்று இடிக்கும். இடித்த இடத்திலெல்லாம் தூண்டில் போட்டோம். ஒரு சாண் ஆழம், இரண்டு சாண், மூன்று சாண் என்று தக்கையை ஏற்றி ஏற்றிப் பார்த்தோம். ஒரே ஒரு தடவை தக்கை முழுகியது. நான் ஆத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தேன். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, கிழிந்துகொண்டு மீன் போய்விட்டது.

"உன் அவசரத்துல இடி விழ!" என்றாள் அண்ணி. வாங்கிக்கொண்டேன். நியாயம்தானே.

இத்தனைக்கும் எங்கள் கண்ணெதிரில், ஓடை ஏரியில் சேருகிற முனையில், ஹாலிஸ் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மீனாக எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஒருவரிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், மீன் பிடிக்கும் இடத்தை மட்டும் கேட்கக் கூடாது. அடுத்தவர் பக்கத்தில் போய்த் தூண்டில் போடுவது அதைவிடக் கேவலம். அதிலும் ஹாலிஸிடம் எந்த முகத்தோடு போவது?

"போயிடலாம் மேவிஸ். கோழி பொரிச்சு வைக்கிறேன்," என்றாள் அண்ணி. அவள் குரலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். ஹாலிஸ் எழுந்து எங்களிடம் நடந்து வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கா வரான்?"

"ஆமாங்க," என்றாள் அண்ணி.

"எனக்கு இடுப்பு வலிக்குது, கிளம்புறேன். இன்னொரு வாளியில பொடிமீன் மிச்சம் கெடக்கு, வீணாப் போயிடும். தக்கைய நாலடிக்கு வெச்சு, சாஞ்ச கட்டைக்கு வலப்பக்கம் போடு. முள்ளு மரத்துல உரசினாப் பயந்து இழுத்துடாத, அங்கதான் நிக்கும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவகிட்ட தூண்டிலக் குடுக்காத."

தன் மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இடுப்பு வலியாம்! கிராப்பி மேலேறி வெறி பிடித்துக் கடிக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் வீடு தீப்பிடித்தால் கூட யாரும் எழுந்து போக மாட்டார்கள். அண்ணி அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றுகொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

பிறகு தக்கை முழுகியது. முழுகிக்கொண்டே இருந்தது. உள்ளங்கையை விட அகலமான மீன்கள், ஒவ்வொன்றையும் அவளே பதமாகத் தூக்கினாள்.

வாளியைத் திருப்பித் தர வேண்டுமே. ஹாலிஸ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அண்ணி இறங்கவே இல்லை. "நீ குடுத்துட்டு வா," என்றாள். மாட்டேன் என்றேன். ஒருவழியாக இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். ஹாலிஸிடம் காட்ட மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போய் நின்றேன்.

திறந்தது டேரல். செயற்கைக் காலோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் எட்டி எங்கள் மீன் வாளிக்குள் பார்த்தான்.

"இத்தனையையும் அந்தத் தடியன் ஒருத்தனே முழுங்கப் போறானா?"

அண்ணி காலி வாளியை அவனிடம் நீட்டினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் பொரிப்பீங்க, லர்லீன்மா?" என்றான் டேரல். "உங்க வீட்டுப் படி ஏற எனக்குக் கொஞ்சம் நேரம் புடிக்கும். முன்னாடியே கிளம்பணும்."