அக்கா எழுதிய இருபது நிமிஷம்

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து எட்டாவது மாதம், பிசியோதெரபிஸ்ட் கடைசி முறையாக வீட்டுக்கு வந்தாள். போகிறபோது அக்காவிடம் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தாள்.

"எப்ப நடக்கணும், எவ்வளவு நடக்கணும்னு இனிமே நீங்களே முடிவு பண்ணுங்க. நடந்ததை நீங்களே எழுதுங்க. வண்டி உங்க கையிலதான்."

அக்கா சிரித்தாள். பதினெட்டு வருஷம் பேருந்து ஓட்டியவள். இடது பக்கம் விழுந்த நாளிலிருந்து பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "இன்ஜின் ஓடுது, கிளச் வயர்தான் அறுந்துபோச்சு" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

வழியனுப்ப வந்த தம்பியிடம் பிசியோதெரபிஸ்ட் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க விரட்டாதீங்க. அவங்களா கூப்பிட்டா மட்டும் கை கொடுங்க. அப்பதான் நிலைக்கும்."

அவன் தலையாட்டினான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் அவன். மயிரிழை பிசகினாலும் கையால் சரிசெய்தே பழக்கம். சும்மா இரு என்று சொன்னால் எங்கே வைத்துக்கொள்வது அந்தக் கைகளை?

ஆனால் தாள் நன்றாகவே நிரம்பியது. 'பகல் 12 மணி, தெரு, 20 நிமிஷம்.' மறுநாளும் அதே. நல்ல கையான வலது கையால், அழுத்தமான எழுத்தில். ஒரு மாதத்தில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. கடையில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டான்.

ஒரு நாள் கடையில் மின்சாரம் போனது. மெஷின்கள் நின்றன, முதலாளி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மணி பன்னிரண்டு. அக்கா நடக்கிற நேரம், எதிரே போய் நின்று அசத்தலாம் என்று வேகமாக வந்தான். தெரு முனைவரை பார்த்தான், காணோம். மறுமுனைக்கு ஓடினான், அங்கும் இல்லை. எங்காவது விழுந்து கிடக்கிறாளோ? குடியிருப்பின் கீழ்த்தளத்தில் துணி தேய்க்கிறவரிடம் மூச்சு வாங்கக் கேட்டான்.

"உங்க அக்காவா? அவங்க கீழ இறங்கி ஒரு மாசம் இருக்குமே தம்பி," என்றார் அவர், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

மூன்று மாடி ஏறியதே அவனுக்குத் தெரியவில்லை. அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களிலும் ஷூ. மடியில் தாள். இருபது என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"யாரை ஏமாத்துற நீ?" அவன் குரல் அவனுக்கே நாராசமாக இருந்தது. "என்னையா, அந்தம்மாவையா?"

அவள் பேனாவை மூடப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை. அவன் மூடிக்கொடுக்கவில்லை.

"முதல் வாரம் போனேன்டா," என்றாள். "நாலு நாள் நல்லாத்தான் போனேன். அஞ்சாம் நாள் ரோட்டைக் கடக்கும்போது நடுவுல இந்தக் கால் நின்னுடுச்சு. எடுன்னா எடுக்கல. பஸ் வந்துச்சு. பதினேழாம் நம்பர்."

பதினேழு அவள் ஓட்டிய தடம்.

"பிரேக் போட்டு இறங்கி வந்தது யாருன்னு நினைக்கிற? நான் வேலை பழக்கிவிட்ட பையன். கொழந்தையத் தூக்குற மாதிரி தூக்கி ஓரத்துல உக்கார வச்சான். பஸ் பூரா எட்டிப் பாக்குது. 'பாவம்க்கா நீங்க'ன்னு சொல்லி அழுவுறான்டா அவன்."

அவன் அவள் மடியிலிருந்த தாளைப் பார்த்தான்.

"எழுதாம விட்டா நீ கேப்ப. கேட்டா இதைச் சொல்லணும். அதான் எழுதினேன்."

மறுநாள் கடையிலிருந்து பிசியோதெரபிஸ்டுக்கு ஃபோன் போட்டான். அவள் கோபப்படவில்லை. "இது நிறைய பேருக்கு நடக்கும். தெருவை இப்ப விடுங்க. வீட்டுக்குள்ளயே எது முடியும்னு அவங்களையே கேளுங்க. பூஜ்யமா இருந்தாலும் உண்மையை எழுதட்டும்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"கேளுங்க. அப்புறம் காத்திருங்க."

அவன் கேட்டான். அக்கா புதுத் தாளில் பூஜ்யம் போட்டாள். அடுத்த நாளும் பூஜ்யம். ஒன்பது நாள் பூஜ்யம். தானே ஏதாவது செய்துவிட வேண்டும்போல இருந்தது அவனுக்கு. கையைப் பிடித்து எழுப்பி நடத்திவிடலாம், பத்தே நிமிஷம். ஆனால் அது அவனுடைய நடை, அவளுடையது இல்லை. பொய்யான அந்த இருபதே தேவலையோ என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டு வெட்கப்பட்டான்.

பத்தாம் நாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "டேய், வராந்தாவுல பாதி தூரத்துல ஒரு நாற்காலி போடு. போட்டுட்டு உள்ள போய்டு."

போட்டான். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே நின்றான். வலது கால் ஊன்றும் சத்தம், இடது கால் தரையை இழுக்கும் சத்தம். ஊன்றல், இழுப்பு. நின்றுவிட்டது. நாற்காலி கிறீச்சிடவில்லை. விழுந்த சத்தமும் இல்லை. அவன் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

"கதவுக்குப் பின்னாலதானே நிக்கிற?"

"இல்லக்கா."

"மூச்சு விடுறது இங்க கேக்குது. போடா உள்ள."

அன்றைக்கு இரண்டு நிமிஷம் என்று எழுதினாள். அடுத்த இரண்டு நாள் அசதியில் படுக்கையை விட்டே எழவில்லை, பூஜ்யம். பிறகு மூன்று நிமிஷம். இரண்டு மாதத்தில் வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்ப முடிந்தது அவளால். படிக்கட்டுப் பக்கம் இன்னும் முகத்தைத் திருப்பவில்லை. தெருவைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் ஷூவை மாட்டத் தொடங்கியதும் அவன் சமையலறைக்குப் போய்விடுவான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவுவான். குழாய் ஓடினால் வராந்தாச் சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்காது.