நாலு மணிக் காப்பி

என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மலைமேல் இருக்கும் எங்கள் நாயுடுபுரத்தில் யாரைக் கேட்டாலும் மேரியம்மா காப்பிக்கடை என்று கையை நீட்டுவார்கள். கூடவே, "பாத்துப் பேசுங்க, அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி" என்றும் சொல்லி அனுப்புவார்கள். சொல்லட்டும். அடைக்கலமேரி என்று பெயர் வைத்த புண்ணியவான்கள் எனக்கு எந்த அடைக்கலத்தை வைத்துவிட்டுப் போனார்கள்? புருஷன் போய் ஆறு வருஷம். பிள்ளை இல்லை. முன்னால் இரண்டு பெஞ்சும் ஓர் அடுப்பும், பின்னால் நான் படுக்கும் அறை, அதற்கும் பின்னால் சாமான் அறை. இந்த வாயும் இல்லாவிட்டால் பனிக்கு விறைத்தே செத்திருப்பேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் தபசு காலம் தொடங்க இருந்த சமயம், சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் உங்களுக்கு எது ரொம்பப் பிரியமோ அதை விட்டுவிடுங்கள். மற்றவர்கள் கறியை விட்டார்கள், பீடியை விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிரியமானது என்று இந்த உலகத்தில் என்ன மிச்சம் இருக்கிறது? காப்பி ஒன்றுதான். அதை விட்டேன்.

செய்தால் முழுசாகச் செய்வேன். தினமும் காலையில் டிகாஷன் இறங்கியதும் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்ப்பது என் வழக்கம். அந்தக் கரண்டியையும் நிறுத்தினேன். இருபது வருஷக் கை தப்பாது என்று ஒரு மிதப்பு.

அதே வாரம் கூக்கால் கிராமத்திலிருந்து சேனாதிபதி வந்தார். பூண்டு விவசாயி, பழைய வாடிக்கை. "மேரியம்மா, இருவது மூட்டை பூண்டு கெடக்கு. வெல ஏறுற வரைக்கும் ஒங்க பின்ரூம்புல போட்டுக்கிறேங்க. எங்க ஊருல கெடந்தா லாரி வர்ற நேரத்துக்கு எறக்கிக் கொண்டாற முடியாது" என்று கெஞ்சினார். போட்டுத் தொலையுங்கள் என்றேன். வறுத்து அரைத்த காப்பித்தூள் வைத்திருக்கும் பெரிய டின்னும் அந்த அறையில்தான் இருந்தது. அதன் மூடி நெளிந்துபோய் ஒழுங்காக உட்காராது. இரண்டு நாள் வீடே பூண்டு நாற்றம் நாறியது. மூன்றாம் நாள் என் மூக்குக்குப் பழகிவிட்டது.

அடுத்த வாரம் தபாலாபீஸ் கந்தவேல் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணினார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா, ஒரு மாதிரி வாடை..."

"பின்னால பூண்டு மூட்டை கெடக்கு, வாடை வராம என்ன செய்யும்? ஒங்க வீட்டுக் காப்பி ஒசத்தியா இருந்தா அங்கேயே குடிச்சிட்டு வர வேண்டியதுதான?"

பக்கத்தில் இருந்த நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு மடக் மடக்கென்று குடித்து முடித்தார்கள். அதற்கப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

ஆள் குறைந்தது. முதலில் கந்தவேல், பிறகு பஸ் டிரைவர்கள், பிறகு பள்ளிக்கூடத்து டீச்சர்கள். பால் ஊற்றும் ராக்காயிகூட விடிகாலையில் நான் நீட்டும் காப்பியை வாங்காமல், "வயிறு சரியில்லக்கா" என்று நழுவினாள். ஒரு மாதமாகவா ஒருத்திக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்? ஏரிப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு புது ஓட்டல் திறந்திருந்தார்கள். எல்லாரும் அங்கே போய்த் தொலைகிறார்கள் என்று நினைத்தேன். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று அடுப்பைப் பார்த்துத் திட்டினேன். ஆள் வராததால் டின்னில் தூள் தீரவே இல்லை.

ஒருத்தர் மட்டும் வந்தார். மரியஅந்தோணி. மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் தையல்காரர், ஐம்பது வயது, பெஞ்சாதியைப் பறிகொடுத்து மூன்று வருஷம். அதுவரை என் கடைப் பக்கம் வந்தவர் இல்லை. விபூதிப் புதனுக்கு அடுத்த வாரம் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி ஒரு காப்பி குடித்தார். மறுநாள் சரியாக நாலு மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் தவறவில்லை.

சுவரோரம் உட்காருவார். டம்ளரைக் கையில் வாங்கியதும் சிலுவை போட்டுக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல அடிவரைக்கும் குடிப்பார். எவ்வளவு பக்தி என்று நினைத்தேன். குடித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பேச்சு குறைவு. நான்தான் பேசுவேன். ஓட்டல்காரனைத் திட்டுவேன், ராக்காயியின் தண்ணிப்பாலைத் திட்டுவேன், அவர் தலையை ஆட்டுவார். ஒருநாள் கதவுத் திரை கிழிந்திருந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் ஊசி நூலோடு வந்தார். உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். தையல் இருக்கும் இடமே தெரியவில்லை.

அன்றைக்கு அவர் போனபின் அந்தத் திரையைத் தடவிப் பார்த்தேன். மறைப்பானேன்? நாற்பத்தாறு வயதில் எனக்கு ஆசை வந்துவிட்டது. மூன்றரை மணிக்கு முகம் கழுவினேன். கல்யாணத்துக்குக் கட்டும் நீலச் சேலையைக் கடைக்குக் கட்டினேன். ஊரே கைவிட்ட கடைக்கு ஒரு மனுஷன் தினமும் வருகிறான் என்றால் வேறு எதற்காக வருவான்?

ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து வந்து டிகாஷன் இறக்கினேன். நாற்பது நாள் தாகம். நுரை பொங்க ஆற்றி, உட்கார்ந்து, ஒரு வாய் விட்டேன்.

அட சீ! துப்பிவிட்டேன். காப்பியா அது? பூண்டு ரசத்தில் பாலை ஊற்றிய மாதிரி இருந்தது. டின்னைத் திறந்து மூக்கை வைத்தேன். இத்தனை நாள் இதையா ஊருக்கு ஊற்றினேன், மாதாவே! கந்தவேலின் கோணிய முகம் ஞாபகம் வந்தது. ராக்காயியின் வயிறு ஞாபகம் வந்தது. வெட்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று தோன்றியது. இந்தக் கண்ராவியை மரியஅந்தோணி அடிவரைக்கும் குடித்தாரே, ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தாரே! யாருக்காக? எனக்காகத்தானே? உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன், சிரித்தேன்.

தூளை அவ்வளவையும் குப்பையில் கொட்டினேன். சேனாதிபதிக்கு ஆள் அனுப்பி மூட்டைகளை வெரசாகத் தூக்க வைத்தேன். திங்கட்கிழமை கடையை மூடிவிட்டுப் புதுக் கொட்டை வாங்கி வறுத்தேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு என் வாழ்நாளிலேயே நல்ல காப்பி ஒன்றைப் போட்டு வைத்துக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. புதன் வரவில்லை, வியாழனும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஹாஸ்டல் தையல் அறைக்கே போய் நின்றேன். மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துப் பதறி எழுந்தார். மூடியில் ஊற்றி நீட்டினேன். குடித்தார்.

"அடேயப்பா! நல்லாயிருக்கும்மா."

"அப்ப இத்தனை நாள் நல்லாயில்லைன்னு தெரியும்ல? ஏன் சொல்லல? ஏன் குடிச்சீங்க?"

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். "கோவிக்கக் கூடாதும்மா. பிரியமானதை விடணும்னு சாமியார் சொன்னாருல்ல. எனக்கு விடுறதுக்கு என்ன இருக்கு? பீடி கெடையாது, தண்ணி கெடையாது, அவ போனதுக்கப்புறம் வாய்க்கு ருசியா ஒண்ணும் கெடையாது. மழைக்கு ஒதுங்குன அன்னைக்கு ஒங்க காப்பியை ஒரு வாய் குடிச்சேன். சரி, நாக்கை வருத்துற இதுதான் இந்த வருஷம் நமக்கு ஒறுத்தல்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஒறுத்தலா?"

"ஆமாம்மா. ஒங்ககிட்டச் சொன்னா நீங்க நல்லாப் போட்டுருவீங்க. அப்புறம் ஒறுத்தல் எங்கிட்டு இருக்கு?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஊரறிந்த வாய் அன்றைக்கு வரவில்லை. "என் காப்பியைக் குடிச்சு மோட்சத்துக்குப் போறீங்களாக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. இனிமேல் நல்ல காப்பிதான், வாருங்கள் என்றேன். தலையை ஆட்டினார். "இங்கயே நாலு மணிக்கு டீ குடுத்துர்றாங்கம்மா" என்றார். வரும் வழியில் பிளாஸ்க் கனத்தது. வீட்டுக்கு வந்து மிச்சத்தை நானே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ராக்காயி ஊரெல்லாம் சொல்லி ஒரே மாதத்தில் கூட்டம் பழையபடி வந்தது. சீசனுக்கு வந்தவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். குடித்தார்கள், பஸ் ஹாரன் கேட்டதும் ஓடினார்கள். நாலு மணிக்குச் சுவரோர இடத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். கோவிலில் மரியஅந்தோணியைப் பார்த்தால் அவர் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். நீலச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அடுத்த வருஷம் தைக்கு அப்புறம் சேனாதிபதி வந்து தலையைச் சொறிந்தார். மூட்டை போட இடம் வேண்டுமாம். விளக்குமாற்றை எடுத்து விரட்டினேன். அவர் வாசல் தாண்டியதும் கூப்பிட்டேன். "ஏங்க, ஒரு தலப்பூண்டு மட்டும் குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கும்மா?"

"கொழம்புக்கு."

விபூதிப் புதன் வந்தது. இந்த வருஷம் காப்பியை விடவில்லை. கோபத்தை விடலாம் என்று பார்த்தேன், வெள்ளனே பால் அளக்கும்போதே ராக்காயியிடம் தோற்றுப்போனேன். நாலு மணிக்குத் திரையை விலக்கிக்கொண்டு மரியஅந்தோணி வந்தார். நெற்றியில் சாம்பல். சுவரோரம் உட்கார்ந்து, பயந்துகொண்டே ஒரு காப்பி கேட்டார்.

உள்ளே போனேன். ஒரு பல் பூண்டை உரித்து, நசுக்கி, அவர் டம்ளருக்கான டிகாஷனில் போட்டு மூடி வைத்தேன். பிறகு வடிகட்டிப் பாலை ஊற்றி ஆற்றிக் கொண்டுபோய் வைத்தேன். சிலுவை போட்டுக் கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார். உடம்பு ஒரு தரம் குலுங்கியது. கண்ணைத் திறந்து, எதிர் பெஞ்சில் கந்தவேல் சப்புக்கொட்டிக் குடிப்பதைப் பார்த்தார். தன் டம்ளருக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தெனமும் இப்பிடித்தான் இருக்குமாம்மா?"

"ஈஸ்டர் வரைக்கும் இருக்கும்" என்றேன். பிறகு, வெட்கத்தை விட்டு, "ஞாயித்துக்கெழமை ஒறுத்தல் கெடையாதுல்ல. அன்னைக்கு வாங்க. அன்னைக்குப் பூண்டு போட மாட்டேன்" என்றேன்.

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அடிவரைக்கும் குடித்துவிட்டு, "வர்றேம்மா" என்று எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை நீலச் சேலை கட்டிக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்குச் சரியாக வந்தார். நான் உள்ளே போய் ஒரு பல் பூண்டை உரித்தேன்.