தங்கைக்கு வந்த பழமொழி

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த வகுப்பறையில் எப்போதும் ரப்பர் வாடை அடிக்கும். மருந்துக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் வேலை முடிந்த கையோடு அங்கே வந்து இங்கிலீஷ் படித்தார்கள். வாத்தியாருக்கு அவர்கள் வைத்த பெயர் டப்பா வாத்தியார். வெள்ளிக்கிழமை வந்தால் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் குலுக்கி நீட்டுவார். உள்ளே சீட்டுகள், சீட்டுக்கு ஒரு இங்கிலீஷ் பழமொழி. எடுத்தவர் அதை வாசித்துப் பொருள் சொல்லி, தன் வாழ்க்கையில் அதற்குப் பொருத்தமாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கட்டுக்கதை என்று தெரிந்தால் முட்டைதான்.

"கதை விடுறதுக்கு சினிமா இருக்கு. இங்க நடந்ததைச் சொல்லுங்க" என்பார்.

அந்த வாரம் கடைசி பெஞ்சில் கம்பெனி சூப்பர்வைசரும் கை கட்டி உட்கார்ந்திருந்தார். வரவேற்பு மேஜைக்கு இங்கிலீஷ் பேசும் ஆள் ஒருவர் வேண்டும். மற்ற பரீட்சைகளில் அக்காவும் தங்கையும் சம மார்க்கில் முன்னால் நின்றார்கள். மிச்சத்தை இன்றைய டப்பா தீர்மானிக்கும்.

தங்கைக்கு அது வெறும் மேஜை இல்லை. அக்கா வீட்டில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்துப் படுப்பவள் அவள். விடிந்ததும் அக்காவின் பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டி, ஊட்டி, கிளப்பிவிட்டு வேலைக்கு ஓடுவாள். வேலை மருந்து வைக்கும் குளிர் அறையில். மேஜை கிடைத்தால் சம்பளம் கூடும், தனியாக ஓர் அறை எடுக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். கதவைச் சாத்துவதை நினைத்தாலே அவளுக்கு வயிற்றில் இதமாக இருந்தது.

முதலில் அக்கா டப்பாவுக்குள் கை விட்டாள். 'பரிசாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே' என்று வந்தது. திக்காமல் வாசித்தாள்.

"சும்மா கிடைச்சதுல நொட்டை சொல்லக் கூடாதுன்னு அர்த்தம் சார். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேம்போமே, அது."

"ரொம்ப சரி. உதாரணம்?"

"வெளியே போவானேன்? இதோ உக்காந்திருக்காளே, என் தங்கச்சி. இவ போட்டிருக்கிற கோட்டு நான் குடுத்தது. குடுத்த அன்னைக்கே, 'அக்கா, இதுல ஜிப் இல்லையே'ங்கிறா. படுக்க இடம் குடுத்தா மெஷின் சத்தத்துல தூக்கம் வரலையாம் மகாராணிக்கு."

வகுப்பு சிரித்தது. எல்லாக் கண்களும் கோட்டை மேய்ந்தன.

"சார், ஒரு சந்தேகம்" என்று லாரி டிரைவர் எழுந்தார். "இதுல மாடு எது? கோட்டா, தங்கச்சியா?"

"மாடுன்னா பாலாவது கறக்கும்ணே" என்றாள் அக்கா.

வாத்தியாரே சிரித்துவிட்டார். பத்துக்கு ஒன்பது போட்டார்.

தங்கை எடுத்த சீட்டில், 'தண்ணீரைவிட ரத்தம் கெட்டியானது' என்று இருந்தது. பொருள் சொல்ல அவள் யோசிக்கவே இல்லை.

"சொந்தம்னு வந்துட்டா மத்ததெல்லாம் அப்புறம்தான் சார். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு நாம சொல்றதுதான்."

வாத்தியார் மேஜையைத் தட்டினார். "அருமை! உதாரணமும் சரியா இருந்தா பத்துக்குப் பத்து."

உதாரணம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. போன வருஷம் இருமல் மருந்துப் பெட்டிகளில் வேறு ஏதோ மாத்திரையின் விளக்கத் தாளை மடித்து வைத்தவள் அக்கா. ஒரு லாரிச் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. "எவ பார்த்த வேலை இது?" என்று இதே சூப்பர்வைசர் கத்தியபோது, மேஜைக்கு அடியில் அக்கா அவள் கையைப் பிடித்தாள். அப்போது மச்சானுக்கு வேலை இல்லை, சின்னது கைக்குழந்தை. தங்கை மற்றக் கையைத் தூக்கினாள். புதுசு என்று அவளைத் துரத்தாமல் குளிர் அறைக்குத் தள்ளினார்கள். அக்கா செய்தது என்று தெரிந்திருந்தால் அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பெட்டி அடுக்கி அடுக்கித் தங்கையின் விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனது. அந்தக் குளிருக்குத்தான் இந்த ஜிப் இல்லாத கோட்டு.

சொன்னால் மேஜை அவளுக்கு. சொன்னால் அக்காவுக்கு வேலை போகும்.

பெஞ்சுக்கு அடியில் ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. அன்று பிடித்த அதே பிடி.

"அக்காவுக்கு ஒருதடவை கடுமையான காய்ச்சல் சார்" என்றாள் தங்கை. "மூணு ராத்திரி நான் தூங்காம பக்கத்துலயே உக்காந்து..."

கை விலகியது.

"பொய் சார்" என்றாள் அக்கா. "எனக்கு அப்படி எந்தக் காய்ச்சலும் வந்ததில்ல."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்தான் சார்."

முட்டை விழுந்தது. வெளியே போகும்போது சூப்பர்வைசர் அவள் பக்கத்தில் நின்றார். "அன்னைக்குப் பெட்டியில தப்பு, இன்னைக்குப் பேச்சுல தப்பு. உனக்கு அந்தக் குளிர் ரூம்தான் சரி" என்றார். அக்காவிடம், "திங்கக்கிழமை வரவேற்பு மேஜைக்கு வந்துடுங்க."

தெருவுக்கு இறங்கியதும் தங்கை அக்கா பக்கம் திரும்பினாள்.

"நான்தான் வாயைத் திறக்கலையேக்கா."

"திறக்க மாட்டேன்னு தெரியும். தெரிஞ்சுதான் கையைப் பிடிச்சேன்."

"அப்புறம் எதுக்குப் பொய்னு சொன்னே?"

"நீ மேஜைக்குப் போனா ரூம் பார்த்துக்கிட்டுக் கிளம்பிடுவே. பிள்ளைங்களை யாருடி பார்ப்பா? உன் தாத்தாவா?"

தங்கை நின்றுவிட்டாள். "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்களேக்கா."

அக்காவும் நின்றாள். டயர் கடை வெளிச்சத்தில் கையை நீட்டி, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைக்கு மேலே உற்றுப் பார்த்தாள். நிஜமாகவே தேடுவதுபோலத்தான் பார்த்தாள்.

"ஆடலையேடி" என்றாள்.

பிறகு தன் பையைத் தங்கையின் தோளில் மாட்டினாள். "வேகமா நட. மெஷின்ல போட்ட துணி அப்படியே கிடக்கு."

தங்கை ஒரு கையால் பையையும் மறு கையால் கோட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.