ஆறு பேர் சத்தியம்

தேம்ஸின் தென்கரையில், நாடகக் கொட்டகையில் ஆப்பிள் விற்பவள் நான். மேடையைவிட ஜனங்களின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் ஊரையே அழவைத்த நாடகத்தில் ஒரு பிரபு வீண் சந்தேகத்தில் மனைவியை விரட்டிவிடுவான். கடைசியில் மண்டியிட்டு அழுவான். அவள் மன்னித்துக் கைகொடுத்துத் தூக்குவாள். பிரபுவாக நடித்த ஜெர்வஸ் என் அடுத்த வீட்டுக்காரன்.

அவன் மனைவி ஏவிஸ் மீதே அப்படி ஒரு பழி விழுந்தது. தொப்பி தைப்பவன் ஒருவன் அவர்கள் கொல்லைக் கதவு வழியாகப் போனானாம். போனது உண்மைதான். பிரபு வேஷத்துத் தொப்பி கிழிந்திருந்தது, அதைத் தைக்க வாங்கிக்கொண்டு போனான். நானே பார்த்தேன். ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

தேவாலய நீதிமன்றம் அவளை அழைத்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர் வந்து, "இவள் சொல்வதை நம்புகிறோம்" என்று சத்தியம் செய்தால் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் ஞாயிறன்று வெள்ளைத் துணி போர்த்தி, சபைக்கு முன்னால் குற்றவாளியாக நிற்க வேண்டும்.

ஏவிஸும் நானும் வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். எதிர்வீட்டு கிளெமென்ஸ் அந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து மூக்கைச் சிந்தியவள்.

"நெருப்பில்லாம புகையுமா மேபல்?" என்றாள் என்னிடம்.

"நாடகத்துல அந்தப் பொண்ணுக்காக அப்படி அழுதியே அக்கா?"

"அது வேற. அவ தப்பு பண்ணலன்னு நான்தான் கண்ணால பாத்தேனே!"

ஏவிஸ் கடைசியாகப் புருஷனிடம் கெஞ்சினாள். "நீ ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் வருவாங்க."

"எனக்கும் நாலு பேர் மத்தியில மரியாதை வேணும்டி. ஒத்திகைக்கு நேரமாச்சு, வழிய விடு" என்றான்.

நீதிமன்றத்துக்கு நான் ஒருத்திதான் போனேன். "கொட்டகையில ஆப்பிள் விக்கிறவ சத்தியத்தை எல்லாம் கணக்குல எடுக்க முடியுமா?" என்று எழுத்தர் சிரித்தார். அவர் தாடியைப் பிடித்து இழுக்கவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ஞாயிறன்று ஏவிஸ் வெள்ளைத் துணியோடு நின்றாள். அவள் அழவில்லை. முன்வரிசையில் ஜெர்வஸ் அழுதான். "பாவம், நல்ல மனுஷன்" என்று அவனுக்காக எல்லோரும் இரங்கினார்கள்.

மறுநாள் பிற்பகல் ஏவிஸ் கொட்டகைக்கு வந்து மேடையை ஒட்டி நின்றாள். கடைசிக் காட்சியில் ஜெர்வஸ் மண்டியிட்டான். கிளெமென்ஸ் கைக்குட்டையை எடுத்தாள். மனைவி வேஷக்காரன் கையை நீட்டினான்.

"கை குடுக்காதே!"

ஏவிஸின் குரல்தான். "நேத்து நான் நின்னப்பவும் இதே அழுகைதான் அழுதான். கை குடுக்காதே பொண்ணே!"

நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் போனது. யாரும் சிரிக்கவில்லை. கிளெமென்ஸ் கைக்குட்டையை மடியிலேயே கசக்கிக்கொண்டிருந்தாள். ஏவிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஜெர்வஸ் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தான். நாடகத்து மனைவி தூக்கிவிட்ட பிறகுதான் அவனுக்கு அடுத்த வசனம்.